நீளமான குழலின் நன்மைகள்

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் வாங்கினாலும் நான் பார்த்துத்தான் வாங்குவேன். குக்கர் மூன்று லிட்டரா ஐந்து லிட்டரா, மிக்ஸிக்கு எத்தனை ஜார், குடை மடக்குவதா நீட்டுவதா, எல்லாவற்றிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். என் மைத்துனர்கள் வண்டி வாங்கப் போவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுவார்கள். போடாமல் வாங்கியவர் பிறகு வருத்தப்பட்டிருக்கிறார். அதை அவருக்கு அவ்வப்போது நினைவூட்டுவதும் என் வழக்கம்.

எந்தப் பொருளிலும் ஒன்று வேண்டுமென்றால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். பெரிய குக்கரில் சாதம் நிறைய வேகும், தேய்க்கும்போது மணிக்கட்டு போகும். ரைஃபிளும் அப்படித்தான். ரைஃபிள் என்றதும் யாரும் பதற வேண்டாம். நான் சொல்வது போட்டிகளில் சுடுகிற ஏர் ரைஃபிள். பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை, அதன் நடுவில் ஒரு புள்ளி, உளுந்தளவு ஈயக் குண்டு. காகிதத்தில் ஓட்டை விழும், அவ்வளவுதான். அதன் குழலை, சுடப் பழகுகிற ரேஞ்சில் எல்லோரும் பேரல் என்பார்கள், நீளமாக வாங்குவதா குட்டையாக வாங்குவதா என்று ஒரு பெண்ணுக்கு நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அதைப் பற்றி இதுவரை ஒருவரும் என்னை விசாரிக்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வது என் சுபாவம், அதனால் சொல்கிறேன்.

என் பெயர் ஸம்பத்குமார். திருவள்ளூரில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. அண்ணா கோயிலில் கைங்கர்யம் செய்கிறார். நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டுகிற ஒரு ரோலிங் மில்லில் சேஃப்டி ஆபீசர். பெரியபாளையம் வழியாகக் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போவேன், தூங்கிக்கொண்டே வருவேன். நடுவில் விழித்திருக்கும் நேரத்தில் ஹெல்மெட் போடு, ஓடாதே, அங்கே கையை விடாதே என்று சொல்வதற்குச் சம்பளம். ஆலையில் என்னை யாருக்கும் பிடிக்காது. ஆனால் நான் சொன்னால் கேட்பார்கள், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஸ்ரேயா எங்கள் ஒரே பெண். பரதநாட்டியத்தில் சேர்த்தோம், டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். பாட்டு டீச்சர் கும்பிடக்கூட இல்லை. அப்போதுதான் விளையாட்டுச் சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் தனி ஒதுக்கீடு உண்டு என்று ஒருவர் சொன்னார். ஓட்டப்பந்தயத்தில் ஊரே ஓடுகிறது. துப்பாக்கி சுடுவதற்கு நம் பக்கத்தில் ஆள் இல்லை. கூட்டமில்லாத வரிசையில் போய் நிற்பதுதான் புத்திசாலித்தனம் என்று நான் முடிவு செய்தேன். வெங்காயம் சேர்க்காத வீட்டில் ரைஃபிள் எதற்கு என்று என் மனைவி பூமா கேட்டாள். வெங்காயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன்.

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் பழைய அரிசி ஆலை ஒன்றின் மாடியில்தான் ரேஞ்ச். பயிற்சியாளர் இளமதி ஒரு காலத்தில் மாநிலத்துக்குச் சுட்டவர், சிரிக்கத் தெரியாதவர். ஸ்ரேயாவுக்கு நானே அலைந்து திரிந்து ஒரு ரைஃபிள் வாங்கினேன். குட்டைக் குழல், லேசான எடை. தயிர் சாதத்தில் வளர்ந்த பெண், வயதுக்கு மீறிய உயரம், நல்ல தோள். இருந்தாலும் வளரும் எலும்பு பாருங்கள், அதனால் குட்டைதான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். இளமதி என்னைப் பாராட்டினார். அவர் பாராட்டிய ஒரே அப்பா நான்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அங்கே ஜெபாவைக் கொண்டுவந்ததும் நான்தான். ஜெபாவின் அப்பா பென்னி எங்கள் மில்லில் கிரேன் ஓட்டுகிறவன். தேர்வாய் கண்டிகைப் பக்கத்து ஆள். அவன் அப்பா ஊரார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர், இவன் கொதிக்கிற இரும்பை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு போகிறவன். வருஷா வருஷம் என் கையெழுத்து இல்லாமல் அவன் கிரேன் ஏற முடியாது. அதனால் நான் எதைச் சொன்னாலும் அவனுக்கு அது சட்டம். ஒரு நாள் காண்டீனில் ஸ்ரேயாவின் பெருமையை அவனிடம் கொஞ்சம் அதிகமாகவே அளந்துவிட்டேன். மறுவாரமே மகளை அழைத்துக்கொண்டு ரேஞ்சுக்கு வந்து நின்றான்.

ஸ்ரேயா வயதுதான் ஜெபாவுக்கும். ஆனால் ஒரு சாண் குள்ளம், பள்ளிக்கூடப் பையை மாட்டினால் பின்னால் சாய்கிற உடம்பு. ரேஞ்சில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிழட்டு ரைஃபிள் உண்டு, கட்டையில் டேப் சுற்றியது. அதைத்தான் அவளுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கிழட்டு ரைஃபிளை வைத்துக்கொண்டு சில மாதங்களில் அவள் ஸ்ரேயாவைத் தாண்டிவிட்டாள். கொஞ்சம் அல்ல, நன்றாகவே தாண்டினாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்து என்ன ஆகப் போகிறது? பஸ்ஸில் தூக்கம் போயிற்று. நான் சம்பாதித்து, அலைந்து, அளந்து வாங்கிய ரைஃபிளை டேப் சுற்றிய ஒரு கட்டை ஜெயிப்பதை எந்தத் தகப்பனும் ரசிக்க மாட்டான்.

மாநிலப் போட்டிக்கு மாவட்டத்திலிருந்து மூன்று பெண்கள் போகலாம். ஆவடிப் பக்கத்துப் பெண்கள் இருவர் ஏற்கெனவே நிச்சயம். மிச்சம் ஒரே இடம், ஸ்ரேயாவா ஜெபாவா என்பதுதான் கேள்வி. அதைக் கேள்வியாகக்கூட இளமதி விட்டுவைக்கவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சார், ஸ்ரேயா நல்லாதான் பண்றா. ஆனா அந்த இடம் ஜெபாவுக்குத்தான் போகும். சொந்தமா ஒரு ரைஃபிள் இருந்தா அந்தப் பொண்ணு எங்கியோ போயிடுவா. உங்க கம்பெனியில கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அதுதான். நான் கேட்டேன். மனப்பூர்வமாகவே கேட்டேன்.

மில்லில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு உதவ ஒரு கமிட்டி உண்டு. அதற்குத் தலைவர் மோகன்ராஜ், ஆள் எடுப்பது, ஆளை அனுப்புவது இரண்டும் அவர் பொறுப்பு. வழக்கமாக ஸ்கூல் பை கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ரைஃபிள் என்றதும் அவருக்குக் கண் விரிந்தது. எந்த ரைஃபிள் என்று முடிவு செய்வதை என்னிடமே விட்டார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஸார், நம்ம கம்பெனி ஸ்டிக்கர் ஒட்ற அளவுக்கு இடம் இருக்கணும். எதுல இடம் ஜாஸ்தி?"

நீளக் குழலில்தான் இடம் ஜாஸ்தி. கமிட்டி அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.

இருந்தாலும் நான் ஸ்டிக்கரை மட்டும் நம்பி முடிவெடுக்கிறவன் அல்ல. பென்னியை டீ நேரத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒன்றுவிடாமல் விளக்கினேன். நீளக் குழல் என்றால் கண்ணருகில் இருக்கும் துளைக்கும் முனையில் இருக்கும் வளையத்துக்கும் நடுவே தூரம் அதிகம். தூரம் அதிகமானால் குறியில் நேர்கிற சின்னத் தப்பும் கண்ணில் படும், திருத்திக்கொள்ளலாம். முனை கனமாக இருப்பதால் ஆட்டமும் குறையும். குட்டைக் குழலில் குண்டு சீக்கிரம் வெளியே போய்விடும், விசையை அழுத்திய பிறகு கை லேசாக அசைந்தாலும் மோசமில்லை. ஆனால் குறி பிசகினால் பிசகியதே தெரியாது. இத்தனையும் உண்மை. எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

"சார், எனுக்கு இன்னா தெரியும்? மேல ஹூக்கு தெரியும், கீழ இரும்பு தெரியும்" என்றான் பென்னி. "நீங்க சொன்னா சர்தான் சார். உங்க பொண்ணுக்கு வாங்குறா மாரியே வாங்கிக் குடுங்க."

"உங்க பொண்ணுக்கு அதைவிடப் பெருசாவே வாங்கித் தர்றேன் பென்னி" என்றேன். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவனிடம் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. குட்டைக் குழலில் எடை உடம்போடு ஒட்டி நிற்கும், நீளக் குழலில் எடை உடம்பை விட்டுத் தள்ளிப் போகும், அதைத் தாங்குவதற்கு முதுகு பின்னால் வளையும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் ஜனங்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

கடையில் பேசும்போது ஒரு சங்கடம் தெரிந்தது. அளவு ஒத்துவரவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துக் குட்டையானதை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். நல்ல கடை. எதையும் வாங்கும் முன் இந்த விஷயத்தை நான் எப்போதும் கேட்டுவிடுவேன். இந்த முறை பதில் எனக்கு ருசிக்கவில்லை. இளமதி பார்த்த மறுநிமிஷம் மாற்றச் சொல்லிவிடுவார். அன்று பஸ்ஸில் வரும்போது பெரியபாளையம் அம்மன் கோயில் வாசலில் ஒரு புது லாரியை மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். பூஜை போட்ட லாரியை யாராவது கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவார்களா? அப்படித்தான் எனக்கு வழி தெரிந்தது.

"பென்னி, முதல் குண்டு சுடறதுக்கு முன்னாடி அதை உங்க சபையில வச்சு ஜெபம் பண்ணிடுங்க" என்றேன். "நாங்க ஆயுத பூஜைக்கு வைக்கறோம் இல்லையா, அது மாதிரி."

பென்னிக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமாள் கோயில் வீட்டு ஆபீசர் ஒருவர் தன் சபையை மதித்துப் பேசுகிறாரே என்று அவன் ஊரெல்லாம் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மோகன்ராஜும் சிறப்பு விருந்தினர்களாகப் போனோம். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, காதைக் கிழிக்கிற ஸ்பீக்கர். துப்பாக்கியைச் சபைக்குள் வைக்கலாமா என்று பாஸ்டருக்குத் தயக்கமாம், ராத்திரியெல்லாம் தேடி ஒரு வசனத்தைக் கண்டுபிடித்துவிட்டார். வெள்ளைத் துணி விரித்த மேஜையில் ரைஃபிளை வைத்து, அதன்மேல் கை வைத்து ஜெபித்தார். குழல் மேஜையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு பென்னி மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னான்.

"இந்த ரைஃபிள கம்பெனி குடுக்கல. கர்த்தர் குடுத்தாரு. ஏழை ஊட்டுப் பொண்ணுக்கு இத்தினி நீளத்துல குடுத்தாரு. அதுக்கு சம்பத்குமார் சார எழுப்பினாரு."

எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள், நானும் சொன்னேன். பெருமாளுக்கும் கர்த்தருக்கும் நடுவே எனக்குப் பேதமில்லை. மோகன்ராஜுக்குத்தான் முகம் தொங்கிவிட்டது. கம்பெனி கொடுக்கவில்லை என்று மைக்கில் சொன்னால் அவர் ஒட்டிய ஸ்டிக்கர் என்ன ஆவது?

நான் நினைத்தது நினைத்தபடியே நடந்தது. ரேஞ்சில் ஜெபா ரைஃபிளைத் தூக்கி நின்றதும் இளமதி ஓடி வந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"யார் இதை செலக்ட் பண்ணது? இது வளர்ந்த ஆம்பளைக்கு. இவ முதுகு போயிடும்."

"நான்தான் மேடம்" என்றேன்.

"தெரியாம வாங்கிட்டீங்க. பரவால்ல, கடையில நான் பேசறேன், மாத்திடலாம்."

பென்னி தலையை ஆட்டிவிட்டான். "மேடம், கோச்சிக்காதீங்க. சபையில அத்தினி பேர் முன்னால சாட்சி சொல்லிட்டு வந்துகிறேன். கர்த்தர் குடுத்தத, அளவு சரியில்லன்னு திருப்பிக் குடுத்தா, வர்ற ஞாயித்துக்கெயம எந்த மூஞ்ச வச்சிக்கினு போய் உக்கார்றது? அளவு தெரியாமயா மேடம் அவரு குடுப்பாரு?"

இளமதி என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொன்னா அவர் கேப்பார். சொல்லுங்க."

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு வார்த்தைதான். நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "பென்னி, மேடம் சொல்றதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனா உங்க நம்பிக்கை உங்களுக்கு. அதுல தலையிட நான் யாரு?" இதில் ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியுமா? எந்த மேடையிலும் கைதட்டு வாங்குகிற வாக்கியம்.

பென்னி மசியாததால், கொஞ்ச நேரம்தான் பிடிக்க வேண்டும் என்ற கண்டிப்போடு இளமதி விட்டுவிட்டார். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஜெபாவின் புள்ளிகள் ஏறத் தொடங்கின. நான் கொடுத்த ஆலோசனை உண்மையிலேயே நல்ல ஆலோசனை என்பதை நான் மறந்தே போயிருந்தேன். குறி தெளிந்தது, ஆட்டம் குறைந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் வளைந்து நின்று நடுப்புள்ளியில் போட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் ஸ்ரேயா, "அப்பா, ஜெபா சூப்பரா சுடறாப்பா" என்று கைதட்டினாள். அந்தக் கைதட்டு எனக்குத் தாங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பென்னி வீட்டுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போனேன். கூடவே ஜெபாவுக்கு ஒரு சின்ன டப்பா. குழலின் முனையில் மாட்டுகிற எடைத் துண்டுகள், ஸ்ரேயாவின் பெட்டியில் சும்மா கிடந்தவை. "இதை மாட்டினா ஆட்டம் இன்னும் குறையும்மா" என்றேன். அதுவும் உண்மைதான். ரேஞ்சில் மேடம் இதற்கெல்லாம் விடமாட்டார், வீட்டில் சுவரைப் பார்த்துக் குறி வைத்துப் பழகும்போது மாட்டிக்கொள் என்று சொல்லிக்கொடுத்தேன். புதுப் பாவாடை கசங்குவதைக்கூடப் பார்க்காமல் அப்போதே மாட்டித் தூக்கிக் காட்டினாள். பென்னியின் மனைவி சாராள் எனக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தாள். முட்டை போடாத கேக் என்று அடித்துச் சொன்னதால் சாப்பிட்டேன்.

தை மாதம் மில்லில் சுமை தூக்கும் வகுப்பு எடுத்தேன். வருஷா வருஷம் எடுப்பதுதான். சுமையை உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், கையை நீட்டிப் பிடித்தால் அதே சுமை முதுகுக்குப் பல மடங்காகிவிடும் என்பது பாடம். ஒரு வாளித் தண்ணீரைக் கொடுத்து நீட்டிப் பிடிக்கச் சொல்வேன். அன்று பென்னிதான் எழுந்து வந்தான். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கி, தண்ணீர் சிந்தி, வாளியை வைத்துவிட்டான்.

"இப்ப எங்க வலிக்குது?" என்று கேட்டேன்.

இடுப்பை ஒட்டி முதுகெலும்பில் கை வைத்தான். "தோ இங்க சார்."

"அங்கதான். எல்லாரும் பாத்துக்கோங்க" என்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள்.

வகுப்பு முடிந்ததும் அவன் என் பின்னாலேயே வந்தான். "சார், பாப்பாவும் அங்கதான் வலிக்குதுன்னு சொல்லிக்கினு கீறா. ஒரு மாசமா ராத்திரில பொரளக்கூட முடியல. டாக்டராண்ட காட்டட்டா?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவனுக்கே புரிந்துவிட்டதோ என்று பார்த்தேன். புரியவில்லை. வாளி என் வகுப்பிலிருந்து வந்தது, ரைஃபிள் கர்த்தரிடமிருந்து வந்தது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. "வளர்ற வயசு பென்னி. தைலம் தேய்ச்சு விடுங்க. இப்ப டாக்டர்கிட்ட போனா ரெஸ்ட் எடுன்னுவார், செலக்‌ஷன் போயிடும்" என்றேன். அவனுக்கும் அது நியாயமாகப் பட்டது.

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கிற தேர்வு நாளன்று ஜெபா முதல் சுற்றை எல்லோரையும் விட நன்றாக முடித்தாள். இரண்டாவது சுற்றில் பாதிதான். ரைஃபிளை ஸ்டாண்டில் பத்திரமாக வைத்தாள், அந்த ஒழுக்கம் மட்டும் கடைசிவரை போகவில்லை. பிறகு இடது கால் மடங்கி அப்படியே உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த இடத்தில் நின்ற ஸ்ரேயா ரைஃபிளை இறக்கிவிட்டு அவளையே பார்த்தாள். நான் பின்னாலிருந்து சைகை காட்டினேன். நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, சுடு. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிச் சுட்டு முடித்தாள்.

முதுகில் அடிபட்டவரை எப்படித் தூக்க வேண்டும் என்று தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். ஆளாளுக்குக் கையைக் காலைப் பிடித்து இழுக்க வந்தவர்களை விரட்டிவிட்டு, ஒரு பலகையைக் கொண்டுவரச் சொல்லி, கழுத்தும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி அவளை ஏற்றினேன். இளமதியே கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னார்.

முதுகெலும்பில் முதலில் விரிசல், அதன்மேல் மாதக்கணக்கில் பாரம், கடைசியில் எலும்பு நழுவி நரம்பை நசுக்கிவிட்டது என்றார் சென்னை டாக்டர். அறுவைச் சிகிச்சை செய்தார்கள். நடப்பாள், ஆனால் இடது பாதம் தூக்காது, இழுத்து இழுத்துத்தான் நடக்க வேண்டும். ரைஃபிள் என்ன, தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது.

இடம் ஸ்ரேயாவுக்குக் கிடைத்தது. பட்டியலில் பெயர் வந்த அன்று காரில் பெரியபாளையம் தாண்டியதும் கேட்டாள்.

"அப்பா, எனக்கு மட்டும் ஏன் குட்டை பேரல் வாங்கின?"

"உனக்கு அதுதான்மா சரி."

"அவ என்னைவிடக் குள்ளம்ப்பா."

சிக்னல் விழுந்தது என்று நான் வண்டியில் கவனமாக இருந்தேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் தேவைக்குத்தான் பேசுகிறாள். மாநிலப் போட்டிக்குப் போகவும் இல்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், ரைஃபிள் பெட்டியைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள். காய்ச்சல் என்று நானே இளமதிக்குச் சொன்னேன். அந்த இடத்துக்குப் பொன்னேரிப் பெண் ஒருத்தி போனாள். வாரத்துக்கு ஒரு நாள் வந்து சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தவள். அவள் அப்பா எனக்குப் போன் செய்து, எந்தப் பேரல் நல்லது என்று யோசனை கேட்டார்.

இதுவரை கேட்டவர்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கலாம், நான் அறியாமல் செய்துவிட்டேனோ என்று. அந்தச் சலுகை எனக்கு வேண்டாம், நான் தொழில் தெரிந்தவன். கடையில் அந்த நீளக் குழலைக் கையில் தூக்கிப் பார்த்த நிமிஷமே அது எந்த எலும்பில் போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அதை வாங்கினேன். முதுகு பிடித்துக்கொண்டு ஒரு சீஸன் ஒதுங்கட்டும் என்று நினைத்தேன், இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. ஆனால் ஒரு மாதமாகப் புரள முடியவில்லை என்று பென்னி சொன்ன அன்று, இவ்வளவு தூரம் போகும் என்றும் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் தைலம் சொன்னேன்.

பூமாவுக்கு இதெல்லாம் தெரியாது. அமாவாசையன்று கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தாள். உடம்பு நோவு தீர எங்கள் ஊரில் அப்படிச் செய்வது வழக்கம். "ஏன்னா, அந்தக் குழந்தைக்காகத்தான் கரைச்சேன். ஒருநாள் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றாள். அவள் பையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றிருந்தேன். மறுப்பதற்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனோம். பென்னி வாசலுக்கே வந்து கையைப் பிடித்தான். "கர்த்தர் சோதிக்கிறாரு சார். அன்னிக்கு நீங்க மட்டும் பலகையில ஏத்தலன்னா படுத்த படுக்கைதான்னு டாக்டரு சொன்னாரு. உங்க பேர சொல்லித்தான் தெனிக்கும் ஜெபம் பண்றோம்." சாராள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டாள். பிறகு பூமாவுக்குப் புது அடுப்பைக் காட்டச் சமையலறைக்கு அழைத்துப் போனாள், பென்னி டீத்தூள் வாங்கக் கடைக்கு ஓடினான்.

ஜெபா கட்டிலில் இடுப்புக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். இன்னும் மெலிந்திருந்தாள். அம்மா உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"அங்கிள், ஒண்ணு கேக்கட்டா? நான்தான் தப்பா புடிச்சிக்கினு இருந்தேனா?"

இது எதனால் ஆனது என்று இத்தனை மாதத்தில் முதல் முறையாக ஒருவர் என்னிடம் கேட்டார். ஆலையில் யார் கை போனாலும், யார் விரல் போனாலும், காரணம் என்ன என்று எழுதுவது நான். எத்தனையோ எழுதியிருக்கிறேன், பதில் தானாக வாயில் வந்துவிட்டது.

"ஆமாம்மா, கொஞ்சம் பின்னாடி சாஞ்சு புடிச்சே. நானே சொல்லணும்னு இருந்தேன்."

அவள் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள், வலித்தது போலிருக்கிறது, அப்படியே விட்டுவிட்டாள்.

"ஸாரி அங்கிள். நீங்க அவ்ளோ பேசி வாங்கிக் குடுத்தீங்க. நான் வேஸ்ட் பண்ணிட்டேன்."

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். பரவாயில்லை என்றேன். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் அல்ல, அப்போதே மன்னித்துவிட்டேன்.